எட்டு மரக்கட்டைகளும் ஒரு தடை உத்தரவும்: கே.ஜி. வகுப்பின் கதை

எல்.கே.ஜி., யு.கே.ஜி.ன்னு தினமும் சொல்றோம். அந்த கே.ஜி.க்கு விரிவு 'கிண்டர்கார்ட்டன்'. அது ஜெர்மன் வார்த்தை. 'கிண்டர்'னா குழந்தைகள், 'கார்ட்டன்'னா தோட்டம். 1840-ல் இந்தப் பேரை வைத்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். பதினோரு வருஷம் கழிச்சு பிரஷ்ய அரசு அதைத் தடை செய்தது. நாலு வயசுப் பசங்க மரக்கட்டை அடுக்குற இடத்துக்கு எதுக்குங்க தடை? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதலில் மனுஷனைத் தெரிஞ்சுக்கலாம். ஃப்ரோபெல் 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பிறந்தார். கைக்குழந்தையா இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. வளர்ந்ததும் காட்டைப் பராமரிக்கிற வேலை பழகினார், பள்ளியில் பாடம் எடுத்தார், சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோஜி நடத்திய புகழ்பெற்ற பள்ளியில் ரெண்டு வருஷம் இருந்தார். 1814-ல் பெர்லினில் ஒரு கனிம அருங்காட்சியகத்தில் உதவியாளர் வேலை. அங்கே தினமும் பார்த்தது படிகங்களை. எளிமையான வடிவங்கள் ஒழுங்கா சேர்ந்து பெரிய வடிவமா வளருது. மனுஷ வளர்ச்சிக்கு அடியிலும் இதே மாதிரி ஒரு ஒழுங்கு இருக்குன்னு அவர் நம்ப ஆரம்பிச்சார்.

1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் அந்த நம்பிக்கையை விளையாட்டுப் பொருளா மாத்தினார். அதுக்கு அவர் வெச்ச பேர் 'பரிசுகள்'. முதல் பரிசு, ஆறு நிறத்தில் நூல் பந்துகள். இரண்டாவது பரிசு, மரத்தில் செய்த உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது பரிசுதான் நம்ம கதாநாயகன்: ரெண்டு அங்குலக் கனசதுரம், அதைப் பிரிச்சா எட்டு குட்டிக் கனசதுரங்கள்.

இந்த எட்டுக் கட்டையை வைத்து மூணு விதமா விளையாடலாம்னு ஃப்ரோபெல் சொன்னார். ஒண்ணு, வாழ்க்கையில் பார்க்கிறதைக் கட்டுவது: நாற்காலி, பாலம், படிக்கட்டு. கட்டிட்டு அதைப் பத்திக் கதை சொல்லணும். இரண்டு, அறிவு சார்ந்த வடிவங்கள்: எட்டை ரெண்டாப் பிரி, நாலாப் பிரி, திரும்பச் சேர். மூணு, அழகு: நடுவில் ஒரு மையத்தை வைத்து, கட்டைகளைச் சுத்தி நகர்த்தி நகர்த்திக் கோலம் மாதிரி வடிவம் போடுவது. மொழி, கணக்கு, ஓவியம்னு மூணு பீரியட் இல்லை, மூணு புத்தகமும் இல்லை. பொருள் அதே எட்டுக் கட்டைதான். கேட்கிற கேள்விதான் மாறுது.

இன்னொரு விதியும் உண்டு. எட்டுக் கட்டையையும் பயன்படுத்தணும், ஒண்ணைக்கூட ஓரமா ஒதுக்கக் கூடாது. நாற்காலி போரடிச்சா தட்டி விடக் கூடாது, ஒவ்வொரு கட்டையா நகர்த்தி அதையே கட்டிலா மாத்தணும். கோடு எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டு முதலில் இருந்து எழுதுறது ஒண்ணு, இருக்கிறதையே ரீஃபாக்டர் பண்றது இன்னொண்ணு.

இது போக காகிதம் மடிப்பது, காகிதப் பட்டைகளைப் பாய் மாதிரிப் பின்னுவது, களிமண், ஊறவைத்த பட்டாணியில் குச்சி சொருகி வடிவம் செய்வது எல்லாம் உண்டு. நிஜத் தோட்டமும் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சின்னப் பாத்தி.

சரி, தடைக்கு வருவோம். 1848-ல் ஜெர்மன் நாடுகள் முழுக்கப் புரட்சி வெடிச்சது, தோத்தும் போச்சு. அதுக்கப்புறம் அரசுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். 1851 ஆகஸ்டில் பிரஷ்யக் கல்வி அமைச்சர் ஃபான் ரவுமர் உத்தரவு போட்டார்: கிண்டர்கார்ட்டன் சோஷலிசத்தின் ஒரு பகுதி, பிள்ளைகளை நாத்திகத்துக்குக் கொண்டு போகுது. இதில் பெரிய கூத்து, ஆதாரமாகக் காட்டிய எழுத்து ஃப்ரோபெலோடதே இல்லை, அவர் அண்ணன் பையன் கார்ல் ஃப்ரோபெலோடது. ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லியும் உத்தரவு மாறலை. அடுத்த வருஷம் ஜூனில் ஃப்ரோபெல் இறந்துட்டார். தடை நீங்கியது 1860-ல்.

ஆனா தடை போட்டதால் கிண்டர்கார்ட்டன் அழியலை. ஃப்ரோபெல் பெண்களை ஆசிரியர்களாகப் பயிற்றுவித்திருந்தார். புரட்சி தோத்த பிறகு நாட்டை விட்டுப் போனவங்களோட அவர் முறையும் கப்பல் ஏறியது. 1856-ல் மார்கரெத் ஷூர்ஸ் என்ற பெண், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஜெர்மன் பேசும் குழந்தைகளுக்காக ஒண்ணு தொடங்கினார். 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு அம்மா இந்தக் கட்டைகளைப் பார்த்துட்டு மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன் ஃபிராங்க் லாய்ட் ரைட், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். அந்தக் கட்டைகள் தன் விரல்களில் தங்கிப்போனதாக வயசான பிறகும் சொல்லிக்கிட்டு இருந்தார்.

நிஜமான ஆபத்து தடையில் வரலை, வெற்றியில் வந்தது. ஊருக்கு ஊர் கிண்டர்கார்ட்டன் வந்தபோது கையேடுகளும் வந்தன. அங்குலத்துக்கு அங்குலம் கட்டம் போட்ட மேசை. டீச்சர் சொல்லச் சொல்ல எல்லாக் குழந்தையும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை ஒரே கட்டத்தில் வைக்கணும். பொருள் ஃப்ரோபெலோடதுதான். ஆனா கேள்வியும் பதிலும் டீச்சர் கைக்குப் போயிருச்சு. குழந்தைக்கு மிச்சம் இருந்தது கீழ்ப்படிவது மட்டும். கட்டம் போட்ட மேசையை யோசிச்சதே ஃப்ரோபெல்தான் என்பதையும் சொல்லணும். ஒழுங்கின் மேல் அவருக்கு இருந்த காதலில் இந்த ஆபத்து ஆரம்பத்திலேயே இருந்தது.

இதை எதிர்த்தவர்களில் ஒருத்தர் அமெரிக்க ஆசிரியை பேட்டி ஸ்மித் ஹில். மேசையில் வைக்கிற குட்டிக் கட்டைக்குப் பதிலா, குழந்தை உள்ளே போய் உட்காரும் அளவுக்கு வீடு கட்டக்கூடிய பெரிய கட்டைகளைத் தரையில் கொடுத்தார். இவரும் அக்கா மில்ட்ரெடும் சேர்ந்து வகுப்பில் காலை வணக்கம் சொல்ல ஒரு பாட்டு எழுதி 1893-ல் வெளியிட்டாங்க. அந்த மெட்டு உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள் கேக் வெட்டும்போது நாம பாடுறது அதைத்தான்.

அதனால உங்க வீட்டுக் குழந்தைக்கு கே.ஜி. தேடிப் போனா, என்னென்ன பொம்மை இருக்குன்னு எண்ண வேண்டாம். வகுப்பில் பத்து குழந்தைங்க கட்டை அடுக்கியிருந்தா, பத்தும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. ஒரே மாதிரி இருந்தா, ஏன்னு கேளுங்க.