யார், எங்கே, எப்போது: ஃபிங்கர் நெறிமுறையின் வரலாறு

ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய 1970களின் தொடக்கத்தில், யார் இப்போது பணியில் இருக்கிறார், அவரை எந்த அறையில் காணலாம் என்பவை ஆய்வகங்களின் அன்றாடக் கேள்விகளாக இருந்தன. ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் அதற்கென இருந்த ‘ஹூ’ என்ற நிரல், பயனர்களின் குறியீடுகளையும் முனைய எண்களையும் மட்டுமே பட்டியலிட்டதால், விவரம் வேண்டியவர்கள் அப்பட்டியலில் விரலை ஓட்டித் தேடிக்கொண்டிருந்தனர். இதைக் கவனித்த அவ்வாய்வகத்தின் லெஸ் எர்னஸ்ட் 1971இல் எழுதிய ‘ஃபிங்கர்’ நிரல், பயனரின் முழுப்பெயர், முனையம் இருக்குமிடம், அவர் கடைசியாகக் கணிப்பொறியைப் பயன்படுத்திய நேரம் ஆகியவற்றைச் சேர்த்தே காட்டியது. வராத நாட்களுக்கான காரணத்தை எழுதிவைக்க ‘பிளான்’ என்ற கோப்பும் பின்னர் அதில் இணைந்தது.

இவ்வழக்கம் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் பரவியபின், 1977 டிசம்பரில் கென் ஹாரன்ஸ்டீன் அதன் விதிகளை ஆர்எஃப்சி 742 என்ற ஆவணமாக வெளியிட்டார். ஆர்எஃப்சி என்பது வலையமைப்பு விதிகளையும் முன்மொழிவுகளையும் பதிவுசெய்யும் பொது ஆவணத்தொடராகும். கேட்பவர், ஃபிங்கர் சேவைக்கென ஒதுக்கப்பட்ட 79ஆம் எண் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) இணைந்து, பயனரின் பெயரை ஒரே வரியில் அனுப்பினால், மறுமுனைக் கணிப்பொறி விடையை எளிய எழுத்துகளில் தந்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். கேட்பவர் யார் என்று அது விசாரிப்பதில்லை.

1988 நவம்பர் 2 அன்று கணிப்பொறிக்குக் கணிப்பொறி தானாகவே பரவிய ‘மோரிஸ் புழு’ என்ற நிரல், இந்த எளிமையின் ஆபத்தை வெளிப்படுத்தியது. பெர்க்லி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஃபிங்கர் சேவை, வரும் வரியின் நீளத்தை அளக்காமல் 512 பைட்டு இடத்தில் நிரப்பிக்கொண்டதால், 536 பைட்டுகளை அனுப்பிய அப்புழு, வாக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் தன் கட்டளைகளை இயக்கச் செய்தது.

அந்த ஓட்டை விரைவிலேயே அடைக்கப்பட்டது. ஆயினும் 1991 டிசம்பரில் டேவிட் ஜிம்மர்மன் எழுதிய, ஃபிங்கரின் புதிய விதி ஆவணமான ஆர்எஃப்சி 1288, வலையில் இணைந்த விற்பனை இயந்திரங்கள் தம்மிடமுள்ள பண்டங்களைப் பட்டியலிட வேண்டும் என்று கூறும் அளவுக்குப் பழைய கலகலப்பைத் தக்கவைத்துக்கொண்டு, பாதுகாப்பைப் பற்றியும் விரிவாக எச்சரித்தது. உடன் பணிபுரிவோருக்கு உதவியாக இருந்த விவரங்களே, இணையம் பொதுமக்களிடம் விரிந்தபோது, பயனர்பெயர்களைத் திரட்டிக் கடவுச்சொல்லை ஊகிக்க முயல்வோருக்கும் பயன்பட்டமையால், நிர்வாகிகள் அச்சேவையை நிறுத்தத் தொடங்கினர். நிரலின் பிழையைத் திருத்த முடிந்தது. ஆனால் கேட்டவருக்கெல்லாம் விடை சொல்வதே ஃபிங்கரின் பணியாக இருந்ததால், அதைக் கட்டுப்படுத்துவது அதன் பயனையே இழப்பதாக முடிந்தது.