கரோட்டிட்

கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் பெயர் இது. கிரேக்கத்தில் 'கரோஸ்' என்றால் ஆழ்ந்த மயக்கம். அந்தக் குழாய்களை அழுத்தினால் ஆள் மயங்குவதைக் கண்டு பண்டையோர் வைத்த பெயர். எபேசு நகரத்து மருத்துவர் ரூஃபஸோ, மயக்கத்துக்குக் காரணம் தமனி அன்று, அதை ஒட்டிய நரம்பே என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு: தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன, அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பு தளரும்.

கொழுப்பு படிந்து தமனி குறுகுவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். குறுகலை அளக்க உதவும் டாப்ளர் ஸ்கேனின் அடிப்படை விதியைக் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் வெளியிட்டபோது, அவர் பேசியது இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி! தமனியில் ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியலையின் மாற்றம் இரத்தத்தின் வேகத்தைச் சொல்கிறது. ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் பீய்ச்சுவதுபோல், குறுகலில் வேகம் கூடும். மூளைக்குச் செல்லும் கிளையான உட்கரோட்டிட்டில் உச்ச வேகம் நொடிக்கு 230 செ.மீ.யைத் தாண்டினால் 70 விழுக்காடோ அதற்கு மேலோ அடைப்பு என்று கொள்வது வழக்கம். ஆனால் முற்றிலும் அடைபடும் தறுவாயில் வேகம் விழுந்துவிடும். எண் குறைவு என்று நிம்மதி கொள்வது ஆபத்து.

இன்னொன்று: கழுத்தில் அளக்கும் வேகமும் மூளைக்குச் சேரும் இரத்தத்தின் அளவும் ஒன்றல்ல. மூளையின் அடியில் உள்ள வில்லிஸ் தமனி வளையம் பலருக்கு மறுபக்கத் தமனியிலிருந்து இரத்தத்தைத் திருப்பி ஈடுகட்டுகிறது.