தோலகட்டியின் தவக்காலம்: செபமாலைத் தாசர் சபை பற்றிச் சில குறிப்புகள்

தோலகட்டி என்றதும் யாழ்ப்பாணத்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நெல்லி ரசம். அதைத் தயாரிக்கும் துறவிகள் இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வருவார்கள். மில்லிக்கனில் எங்கள் குடியிருப்பிலும் இதே கதைதான். போத்தலைத் தெரிந்தவர்கள் பலர். அந்தத் துறவிகள் யார், நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் ஓரிருவரே. சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தச் சபையின் மீது ஈடுபாடு வந்ததற்குக் காரணம் தவக்காலம்தான். மாசி பிறந்ததும் அலுவலகத்திலுள்ள கத்தோலிக்க நண்பர்கள் மதிய உணவை ஒதுக்கத் தொடங்குவார்கள். சிவராத்திரி விரதத்துக்குச் சில நாட்கள் முன்பின்னாக இதுவும் வந்துவிடுவதால் எங்களுக்குள் பேச்சு நீளும்.

முதலில் கணக்கு. விபூதிப் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரையில் எண்ணினால் 46 நாட்கள் வரும். ஞாயிறு நோன்பு நாள் அல்ல என்பதால் இடையிலுள்ள 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. நிரல் எழுதுகிறவனுக்கு இந்த விதிவிலக்கு பிடித்துப்போனது. உயிர்ப்பு விழா நிலவைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே அது பல ஆண்டுகளில் எங்கள் பங்குனிப் பூரணையை ஒட்டியே வந்து நிற்கும். விபூதிப் புதனில் நெற்றியில் பூசப்படும் சாம்பல், முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்துப் பெறப்படுவது.

செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கியவர் பஸ்தியாம்பிள்ளை அந்தோனிப்பிள்ளை தோமஸ் அடிகளார் (1886-1964). அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த யாழ்ப்பாணத்துக் குரு. திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1926இல் வெளியிட்ட சுற்றுமடலில், மறைபரப்பு நாடுகளில் தியான வாழ்வுக்கான மடங்கள் எழவேண்டும் என்றும், அந்தந்த மண்ணின் இயல்புக்குப் பொருந்தும் சபைகள் தோன்றவேண்டும் என்றும் கேட்டிருந்தார். அப்போது யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்தவர் பிரெஞ்சுக்காரரான அல்பிரட் கியோமார் ஆண்டகை. அவருடைய ஆதரவோடு 1928 பெப்ரவரி 2ஆம் திகதி தோலகட்டியில் சபை பிறந்தது. அந்த ஆண்டு விபூதிப் புதன் பெப்ரவரி 22. அதாவது சபைக்கு இருபது நாள் வயதானபோதே முதல் தவக்காலம் வந்துவிட்டது.

ஆசியாவில் உள்ளூர் மண்ணிலேயே தோன்றிய முதல் கத்தோலிக்கத் தியானத் துறவற சபை இது என்று சொல்வார்கள். ஆச்சிரமம் என்ற சொல்லைக் கேட்டதும் கத்தோலிக்க வட்டாரத்தில் பலரும் குளித்தலைக்கு அருகிலுள்ள சாந்திவனத்தையே நினைப்பார்கள். மொன்ஷனாவும் லெ சோவும் அதைத் தொடங்கியது 1950இல்; தோலகட்டி அதற்கு 22 ஆண்டுகள் மூத்தது. சாந்திவனத்தைப் பற்றி நூல்கள் பல உண்டு. தோலகட்டியைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. காரணம் எளிது என்று நினைக்கிறேன். அங்கே எழுதுகிற ஐரோப்பியர் இருந்தார்கள். இங்கே பேசாமல் தோட்டம் கொத்துகிற தமிழர் இருந்தார்கள்.

அன்றாட ஒழுங்கு கடினமானது. மௌனம், மரக்கறி உணவு, உடலுழைப்பு, திருப்பலி, முறைவைத்துத் தொடரும் செபமாலை. மேற்கின் திராப்பிஸ்த் துறவிகளின் வாழ்க்கையோடு ஒப்பிடத்தக்கது. பரிகாரமும் பிறருக்கான மன்றாட்டும்தான் அவர்களது பணி. ஆண்டு முழுவதும் இப்படி வாழ்பவர்களுக்குத் தவக்காலத்தில் புதிதாகக் குறைக்க என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நானும் கேட்டேன். இதற்கான விடை, 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குநூலிலேயே உள்ளது. துறவியின் வாழ்வு எந்நாளும் தவக்காலமாகவே இருக்கவேண்டும் என்கிறார் அவர். ஆனால் அந்த வலிமை எல்லோருக்கும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். ஆகையால் இந்த நாற்பது நாளில் மட்டும் ஒவ்வொருவரும் உணவிலோ உறக்கத்திலோ பேச்சிலோ சிறிது குறைத்துக்கொள்ளலாம். அதையும் மடத்தலைவரிடம் சொல்லி அனுமதி பெற்றே செய்யவேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் பெருமை. இந்த அனுமதி விதி எனக்கு மிகவும் பிடித்தது. வெளியில் தெரியும்படி விரதமிருக்கும் என் உறவினர்கள் சிலருக்கு இதை வாசித்துக் காட்டியும் பயனில்லை!

தவக்காலத்தின் தூண்கள் செபம், நோன்பு, தர்மம் என மூன்று. நோன்பால் மிச்சமாவது ஏழைக்குப் போகவேண்டும் என்பது திருச்சபையின் பழைய போதனை. தோலகட்டியில் தர்மம் வாசலில் வைத்துக் கொடுக்கப்படும் பிச்சையாக இருக்கவில்லை. ஏழைகள் விருந்தினராக அழைக்கப்பட்டுத் துறவிகளோடு உணவருந்தினார்கள். இதன் கனத்தைப் புரிந்துகொள்ள அன்றைய யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். யாரோடு பந்தியில் இருப்பது என்பது சாதியின் கேள்வி. கோவிலுக்கு மட்டுமல்ல, தேவாலயத்துக்கும் அந்த நோய் இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாகத் தேவாலயத்தையே இரண்டாகப் பிரித்துச் சுவர் வைத்திருந்தார்கள். அந்தச் சுவர் இடிக்கப்பட்டது 1910இல்தான். இந்தச் சூழலில் தோமஸ் அடிகளார் சாதி பாராமல் ஆட்களைச் சபையில் சேர்த்தார். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே தோட்டம். கஞ்சியைக் குறைத்துக் குடிப்பது எவருக்கும் முடியும். அன்றைய யாழ்ப்பாணத்தில் அந்தக் கஞ்சியை யாருக்குப் பக்கத்தில் இருந்து குடிப்பது என்பதே பெரிய தவம். அவரது வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுவே.

உலகத்தில் இருப்பவர்களுக்கான விதி இன்று மிகவும் இளகியது. 1966இல் 6ஆம் சின்னப்பர் செய்த மாற்றத்துக்குப் பின், கட்டாய நோன்பு விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாட்களுக்கு மட்டும். 18 வயது முதல் 59 வயது வரையானவர்களுக்கு ஒருவேளை முழு உணவு. கனடாவில் வெள்ளிக்கிழமைகளில் மாமிசத்தைத் தவிர்ப்பதற்குப் பதிலாக ஓர் அறச்செயலைச் செய்யவும் ஆயர்கள் இடம் தந்திருக்கிறார்கள். எங்கள் கந்தசட்டிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

தோட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தோலகட்டி இருப்பது வலிகாமத்துச் செம்மண்ணில். அங்கே துறவிகள் முந்திரிகை வளர்த்தார்கள். பூசைக்கான இரசம் கலப்பில்லாத முந்திரிகைப் பழத்திலிருந்தே வரவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே பந்தலுக்குக் கீழே செய்யும் வேலையும் வழிபாட்டின் பகுதிதான். நெல்லி ரசம் அந்தக் கைப்பழக்கத்தின் கிளை.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த ஊர்கள் எல்லாம் வெறுமையாகின. தோலகட்டியும் அவற்றுள் ஒன்று. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட அந்த மண்ணைவிட்டுத் துறவிகளும் மற்றச் சனங்களைப் போலவே அகதிகளாக வெளியேறினார்கள். ஓரிடத்தில் நிலைத்திருந்து செபிப்பதையே வாழ்வாகக் கொண்டவர்களுக்கு இடப்பெயர்வு எப்படி இருந்திருக்கும்? நாமும் ஊர்விட்டு வந்தவர்கள்தான். ஆனாலும் மணியடிக்கும் நேரத்தையும் கூடத் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது அவர்களுக்கு. கவாத்துப் பண்ணாத முந்திரிகைக் கொடி காடாகிவிடும், காய்க்காது. 2009இல் யுத்தம் முடிந்தபின் நிலங்கள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. இன்று தோலகட்டியில் மறுபடி ஆச்சிரமம் இயங்குகிறது. இந்தியாவிலும் சபைக்கு இல்லங்கள் உண்டு. 1964 ஜனவரி 26இல் மறைந்த தோமஸ் அடிகளாரைப் புனிதராக்கும் முயற்சி நடந்துவருகிறது. 'இறை ஊழியர்' என்பது அதன் முதற்படி.