ஆங்கில நாவலும் அதன் வாசகரும்

நாவல் வாசித்தல் இன்று கற்றோர்க்கும் ஏற்ற இன்பமென மதிக்கப்படுகின்றது. ஜேன் ஒஸ்ரின், டிக்கன்ஸ், ஜோர்ஜ் எலியற் என்போரின் நூல்கள் பல்கலைக்கழகங்களிற் பாடங்களாகவும் விளங்குகின்றன. ஆயின் அந்நூல்கள் பிறந்த நாட்டிலே இவ்வின்பம் எளிதிற் கிட்டியதன்று. பழிச்சொல், பொருட்செலவு, தணிக்கை என்னும் தடைகளைக் கடந்தே மக்கள் அதனை நுகர்ந்தனர்.

1740ஆம் ஆண்டிலே சாமுவேல் ரிச்சாட்சன் 'பமிலா' என்னும் கதையை வெளியிட்டார். பணிப்பெண் ஒருத்தி எழுதும் கடிதங்களாக அமைந்த நூல் அது. ஸ்லோ என்னும் ஊரிலே கொல்லன் ஒருவன் இதனை அயலவர்க்கு வாசித்துக் காட்டினான் என்றும், பமிலாவின் திருமணம் நிறைவேறிய பகுதியைக் கேட்டதும் ஊரவர் தேவாலய மணியை ஒலித்து மகிழ்ந்தனர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அது மெய்யோ, பின்வந்தோர் புனைந்ததோ, யாதாயினும் ஆகுக. உலகில் இல்லாத ஒருத்தியின் நலனைத் தம் வீட்டுப் பெண்ணின் நலனாகக் கருதும் மக்கள் தோன்றிவிட்டனர் என்பதை அக்கதை காட்டுகின்றது.

இவ்வீடுபாடே பலரை அஞ்சச் செய்தது. நாவல் இளம்பெண்களின் மனத்தைக் கெடுக்கும், கடமையை மறக்கச் செய்யும் என்று போதகரும் பெற்றோரும் கண்டித்தனர். ஒஸ்ரின் குடும்பத்தினரோ இதற்கு விலக்காயினர். புதிதாகத் தொடங்கவிருந்த இரவல் நூல்நிலையம் ஒன்றைப் பற்றி 1798ஆம் ஆண்டிலே தம் தமக்கைக்கு எழுதிய கடிதத்தில், தம் வீட்டார் நாவல்களை மிகுதியாக வாசிப்பவர் என்றும், அதற்காக வெட்கப்படாதவர் என்றும் ஜேன் குறிப்பிட்டார். அவர் 1817இல் இறந்தபின் அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த 'நோர்தாங்கர் அபி'யில், நாவலாசிரியரே தம் கதாநாயகியரை நாவல் வாசிக்க விடாது இகழும் விந்தையை எள்ளி நகையாடுகின்றார். நாவலுக்காக எழுந்த வாதங்களுள் இத்துணைச் சுவையானது பிறிதில்லை எனலாம்.

பழிச்சொல்லினும் பெரிய தடை விலையே. 1821இல் ஸ்கொற்றின் 'கெனில்வேத்' மூன்று தொகுதிகளாக, 31 சிலிங் 6 பென்ஸ் விலையில் வெளியாயிற்று. பின் எழுபதாண்டுகளுக்கு மேலாகப் புதிய நாவலுக்கு அதுவே வழக்கமான விலையாயிற்று. கமத்தொழிலாளி ஒருவனின் சில வாரக் கூலி ஒரு கதைக்கு ஈடாகியது என்றால், வாங்கி வாசித்தோர் எத்துணைச் சிலராயிருப்பர்!

இவ்வேலியைத் தகர்த்தவர் சாள்ஸ் டிக்கன்ஸ். 'பிக்விக்' கதை 1836 முதல் 1837 வரை மாதந்தோறும் சிறு பகுதிகளாக, பகுதி ஒரு சிலிங் விலையில் வந்தது. தொடக்கத்தில் அதனை விரும்பியோர் சிலரே. நான்காம் பகுதியிலே சாம் வெல்லர் என்னும் நகைச்சுவை மிக்க ஏவலாளன் தோன்றியதும் விற்பனை பெருகிற்று. முடிவில் ஏறத்தாழ 40,000 படிகள் விற்றன. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனராதலின் கதையை அறிந்தோர் தொகை இதனினும் பன்மடங்காகும்.

பகுதி பகுதியாக வாசிப்பதிலே இன்றைய வாசகர் அறியாத ஓர் இன்பம் இருந்தது. கதைமாந்தர் ஒன்றரை ஆண்டுக் காலம் வாசகருடன் வாழ்ந்தனர். அடுத்த பகுதி வரும்வரை அவர்க்கு யாது நேருமோ என்ற பேச்சு வீட்டிலும் கடையிலும் நிகழ்ந்தது. முழு நூலை ஒருங்கே பெற்று இரண்டு நாளில் முடிப்பவருக்கு இக்காத்திருத்தல் வாய்ப்பதில்லை. அதன் துயரமும் ஒருமுறை நேர்ந்தது. 1870 ஜூன் 9இல் டிக்கன்ஸ் இறந்தபோது, பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்ட 'எட்வின் ட்றூட்' ஆறு பகுதிகளுக்கே எழுதப்பட்டிருந்தது. எட்வினுக்கு நேர்ந்தது யாது என்பதை ஆசிரியர் கூறக் கேட்கும் வாய்ப்பு எவர்க்கும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் சாள்ஸ் எட்வேட் மூடி என்பார் வேறொரு வழியைக் கண்டார். 1842இல் நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய இவர், ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தியவர்க்கு ஒருமுறைக்கு ஒரு தொகுதியாக வழங்கினார். மூன்று தொகுதி நாவலொன்று ஒரே காலத்தில் மூவர் கையில் உலவலாமன்றோ! ஆகவே மும்மடி நூல் அவர்க்கு ஊதியம் தந்தது. அதனாலேயே ஆசிரியர் பலர் தேவைக்கு மிஞ்சிக் கதையை நீட்டினர். விக்ரோறியாக் கால நாவல்களிற் சோர்வு தட்டும் இடங்கள் சிலவற்றுக்குக் காரணம் கலையன்று, வாணிகமே.

மூடியின் பட்டியலில் இடம்பெறாத நூல் விலைபோவது அரிது. குடும்பத்தினர் முன்னிலையில் வாசிக்கத் தகாதது என அவர் கருதிய நூலுக்கு அங்கு இடமில்லை. 1883இல் தம் முதல் நாவல் இவ்வாறு தடைபெறக் கண்ட ஜோர்ஜ் மூர், 1885இல் ஒரு சிறுநூல் எழுதி மூடியை வெளிப்படையாகச் சாடினார். நாட்டின் இலக்கியம் முழுவதையும் ஒரு வணிகரின் கூச்சம் அளந்து கொடுப்பதா என்பதே அவர் வழக்கு. மூடி தம் பணியால் எண்ணிறந்த இல்லங்களுக்கு நல்ல நூல்களைச் சேர்ப்பித்தார் என்பதும் மறக்கற்பாலதன்று. எனினும் மூரின் பக்கமே நியாயம் இருந்தது.

1894இல் மூடியின் நிலையமும் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனமும், இனித் தொகுதிக்கு நான்கு சிலிங்குக்கு மேற் கொடுப்பதில்லை என அறிவித்தன. சில ஆண்டுகளில் மும்மடி நாவல் மறைந்தது; ஆறு சிலிங் விலையில் ஒரே தொகுதியாக நாவல் வெளிவரலாயிற்று. அவ்வாண்டிலேயே மூரின் 'எஸ்தர் வோட்டர்ஸ்' அவ்வடிவில் வந்தது. ஸ்மித் நிறுவனத்தார் அதனை விற்க மறுத்தனர்; மக்களோ விரும்பி வாங்கினர். அதன் நாயகியும் பமிலாவைப் போன்று ஒரு பணிப்பெண்ணே. ஆனால் பமிலா ஓயாது கடிதம் எழுதியவள், எஸ்தர் எழுத்தறியாதவள்.