வயசாகாத அக்கா

தென்பாண்டிச் சீமையின் பழைய வீடுகள் சிலவற்றில் ஒரு பனையோலைப் பெட்டி உண்டு. பரணிலோ மூலையிலோ அது பாட்டுக்குக் கிடக்கும். வருஷம் முழுக்க யாரும் தொடுவதில்லை. படையல் நாளன்று வீட்டின் மூத்தவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து இறக்குவாள். உள்ளே ஒரு பாவாடை சட்டை அல்லது சிற்றாடை, கண்ணாடி வளையல், கருகமணி, சாந்து, சீப்பு, ரிப்பன். கல்யாணம் ஆவதற்கு முன்பே கண்ணை மூடிவிட்ட அந்த வீட்டுப் பெண்ணுக்கு உரியவை இவை. அவளைக் ‘கன்னி’ என்பார்கள். சாமிக்குச் சாமி, பிள்ளைக்குப் பிள்ளை.

படையலில் சர்க்கரைப் பொங்கல், பானகம், துள்ளுமாவு எல்லாம் இருக்கும். அவள் ஆசைப்பட்டுத் தின்ற பண்டமும் ஓரமாக வந்துவிடும். பெட்டிக்குள் புதுத்துணி போகும். போன வருஷத்துத் துணியை அதே பருவத்துப் பெண்பிள்ளை யாருக்காவது கொடுத்து உடுத்தச் சொல்வார்கள். இதில் கவனிக்க வேண்டியது துணியின் அளவு. அது மாறுவதே இல்லை. கூடப் பிறந்த தம்பி பேரன் பேத்தி எடுத்து, பல் போய், கோல் ஊன்றி வந்து நிற்கிறான். பதின்மூன்று வயசுப் பாவாடைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு “அக்கா” என்கிறான். அவன் பிள்ளைகளுக்கு அவள் அத்தை. அதற்கடுத்த தலைமுறையில் பெயர் மறந்து வெறும் கன்னியாகிவிடுகிறாள்.

வட மாவட்டங்களில் அவளுக்குப் பூவாடைக்காரி என்று பெயர். அங்கே சுமங்கலியாகப் போனவர்களையும் இந்தப் பெயரில் கும்பிடுவதுண்டு. கல்யாணம் போன்ற நல்ல காரியத்துக்கு முன்னால் பம்பைக்காரர்களை அழைத்துக்கொண்டு நீர்நிலைக்குப் போய், இறந்தவளை வருந்தி அழைத்து, கரகத்தில் வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். யார் மேலாவது அவள் இறங்கிப் பேசுவாள். குறை இருந்தால் கேட்பாள். செஞ்சி வட்டாரத்தில் தங்கி ஆராய்ந்த இசபெல் நபோகோவ் 2000இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்தப் பெண்களைக் கொண்டுபோனது என்ன? வைசூரி, காலரா, பாம்புக்கடி, கிணறு. ஒரு வாரக் காய்ச்சலில் ஒரே வீட்டில் இரண்டு பேர் போன காலம் அது. இவை கைமீறிய சாவுகள். ஆனால் மனிதக் கையால் நேர்ந்தவையும் உண்டு. குறுந்தொகையின் 292ஆம் பாட்டில் பரணர் ஒரு சம்பவத்தைப் போகிறபோக்கில் சொல்கிறார். ஆற்றில் மிதந்துவந்த மாங்காயைத் தின்ற பெண்ணைச் சிற்றரசன் நன்னன் கொல்லத் துணிகிறான். அவளுக்காக 81 யானைகளையும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் தருகிறோம் என்கிறார்கள், அவன் கேட்கவில்லை. பெண்கொலை செய்தவன் என்ற பழி அவனை இன்றுவரை விடவில்லை. ஆனைமலையில் படுத்த கோலத்தில் இருக்கும் மாசாணியம்மனை அந்தப் பெண்ணாகவே மக்கள் சொல்கிறார்கள். நியாயம் கேட்டு வருபவர்கள் அங்கே மிளகாய் அரைத்துப் பூசுவது பிரசித்தம்.

இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல் 1849இல் எழுதிய நூலில், அகால மரணம் அடைந்தவர்களை அந்த வட்டார மக்கள் பேயாக்கிக் கும்பிடுவதாகச் சொன்னார். பயம் இருந்தது உண்மைதான். ஆசை தீராமல் போனவள் சும்மா விடமாட்டாள், வீட்டில் மங்கல காரியம் தட்டிப்போகும் என்ற நடுக்கம் அந்த மக்களிடம் நிறையவே உண்டு. ஆனால் பயம் மட்டும் என்றால் ஒரு கோழியோடு கணக்கு முடிந்திருக்கும். வளையலின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டைக்காரரான பண்பாட்டு ஆய்வாளர் தொ.பரமசிவன் போன்றவர்கள் எழுத வந்த பிறகே இந்தப் பாசத்தின் பக்கம் ஏட்டில் ஏறியது.

சட்டமும் மருத்துவமும் இந்த வழக்கத்தைத் தொட்டிருக்கின்றன. 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் மண வயதை 14 ஆக்கியது; 1949இல் அது 15, 1978இல் 18. கல்யாணம் தள்ளிப்போகப் போக, கன்னியாக இருக்கும் வருஷங்கள் கூடின. அந்த வருஷங்களில் சாவு கூடியிருந்தால் பெட்டிகளும் பெருகியிருக்கும். நல்லவேளையாக அம்மைத் தடுப்பூசி முந்திக்கொண்டது. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

இன்றைக்கு இப்படிச் சிறுவயதில் போகிறவளின், பள்ளிக்கூடச் சீருடையில் எடுத்த படம் நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்தில் வருகிறது: பிறப்பு, இறப்பு, கீழே ‘துயருடன்’ என்று அப்பா அம்மாவில் தொடங்கித் தம்பி வரை பெயர்கள். இதில் முகம் இருக்கிறது. ஓலைப்பெட்டிக்காரிகளில் பலரை யாரும் படம் எடுத்ததே இல்லை.

பாகப்பிரிவினையில் வீடும் வயலும் பத்திரத்தில் ஏறும், பெட்டி ஏறாது. பெரும்பாலும் மூத்தவன் வீட்டோடு தங்கிவிடும். மற்றவர்கள் படையலுக்கு வந்து துணிக்கும் பொங்கலுக்கும் தங்கள் பங்கைக் கொடுப்பார்கள். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பியாக இருந்தால், காசு மட்டும் கொழுந்தியாள் கையில் வந்து சேரும்.