பிள்ளைகளுக்குப் பொறியியல் வடிவமைப்பு: பாலம் உடையட்டும், பாடம் தொடங்கட்டும்

பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று அறிவித்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தெர்மாகோல், சார்ட், பசை எல்லாம் வாங்கி வருகிறோம். முந்தைய நாள் இரவு உம்மாவோ மாமாவோ உட்கார்ந்து செய்து முடிக்கிறார். அதற்கும் நேரமில்லை என்றால், செய்து முடித்த மாதிரியைக் காசு கொடுத்து வாங்கிவிடுகிறோம். பிள்ளை அதைத் தூக்கிச் செல்கிறது; சில வேளை பரிசும் வாங்கி வருகிறது. ஆனால், அது கற்றுக்கொண்டது என்ன?

மாதிரி எதற்காக?

காட்சிக்கு வைக்கும் பொருள் வேறு, பொறியியல் மாதிரி வேறு. முன்னது பார்ப்பதற்கு, பின்னது சோதிப்பதற்கு. 'இந்தப் பாலம் எவ்வளவு எடை தாங்கும்?' என்ற கேள்விக்கு விடை தேடவே பொறியாளர் மாதிரி செய்கிறார். அது காகிதத்தில் வரைந்த படமாகவோ, கணினித் திரையில் உருவாக்கிய முப்பரிமாண வடிவமாகவோ, ஒரு கணக்குச் சூத்திரமாகவோகூட இருக்கலாம்.

அமெரிக்காவில் 2013-இல் வெளியான 'அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்', 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பொறியியல் வடிவமைப்பில் நான்கு திறன்களை வகுத்துள்ளன:

1. தீர்க்க வேண்டிய பிரச்சினையையும், அதற்கான நிபந்தனைகளையும் வரம்புகளையும் துல்லியமாகச் சொல்லுதல்.
2. பல தீர்வுகளை முறையாக ஒப்பிட்டு மதிப்பிடுதல்.
3. சோதனை முடிவுகளை ஆராய்ந்து, ஒவ்வொரு தீர்விலும் உள்ள நல்ல அம்சங்களை இணைத்தல்.
4. மாதிரி செய்து, சோதித்து, திருத்தி, மீண்டும் சோதித்தல்.

'அழகாகச் செய்தல்' இந்த நான்கிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

இதற்கு ஓர் ஏ4 தாளும் சில நாணயங்களும் போதும். இரண்டு புத்தக அடுக்குகளை 20 செ.மீ. இடைவெளியில் வைத்து, தாளை நீளவாக்கில் பாலமாகப் போடுங்கள். நடுவில் ஒரு சிறு அட்டையை வைத்து, நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஒன்றிரண்டு நாணயங்களுக்கே தாள் தொய்ந்துவிடும்.

இப்போது பிள்ளையிடம் நிபந்தனை சொல்லுங்கள்: ஒரே தாள்தான், பசை கூடாது, இடைவெளி மாறக்கூடாது. தாளை நீளவாக்கில் விசிறி போல மடித்தால் அதே தாள் பல மடங்கு எடை தாங்குவதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

காரணம் என்ன? பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்தால் எளிதில் வளைகிறது. விளிம்பு மேலே வரும்படி நிமிர்த்திப் பிடித்தால் வளைய மறுக்கிறது. ஓர் உத்தரத்தின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் வளைவை எதிர்க்கும் விறைப்பு 2 மடங்காகும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் 8 மடங்காகும். மடிப்பு, தாளுக்கு உயரம் தருகிறது.

அடுத்து, மடிப்பின் உயரம் 1 செ.மீ., 2 செ.மீ., 3 செ.மீ. என மாற்றிப் பார்க்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் புதிய தாளில் மூன்று முறை சோதித்து, சராசரியை நோட்டில் எழுத வேண்டும். எந்த இடத்தில் தாள் முதலில் மடங்கியது என்பதையும் குறிக்க வேண்டும். அடுத்த வடிவத்தை அந்தக் குறிப்புதான் சொல்லித் தரும்.

மாதிரிக்கும் எல்லை உண்டு

சிறிய மாதிரி தாங்கியதாலேயே பெரியதும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதே பொருளில் எல்லா அளவுகளையும் இரட்டிப்பாக்கினால் எடை 8 மடங்காகும். எடையைத் தாங்கும் குறுக்குப் பரப்போ 4 மடங்குதான் ஆகும். விகிதமும் கன அளவும் தேர்வுக்கு மட்டுமான பாடங்கள் அல்ல என்பது இங்கே பிள்ளைக்குப் புரியும்.

வாய்ப்புகள்

நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டம் 2016-இல் தொடங்கியது. இதன்கீழ், தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியத்துடன் 'அடல் டிங்கரிங்' ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. 6 முதல் 12 வரையிலான வகுப்பு மாணவர்கள் இவற்றைப் பயன்படுத்தலாம். முப்பரிமாண அச்சுப்பொறி, மின்னணுக் கருவிகள் போன்றவை அங்கே இருக்கும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் இந்த ஆய்வகம் இருக்கிறதா, அது திறந்து பயன்படுத்தப்படுகிறதா என்று கேளுங்கள். கணினி இருக்கும் வீட்டில் 'டிங்கர்கேட்' என்ற இலவச இணையச் செயலியில் முப்பரிமாண வடிவமைப்பைப் பழகலாம். சிறு பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் மேற்பார்வை அவசியம்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளை செய்த மாதிரி கோணலாக இருக்கலாம். அதை நாம் சரிசெய்து கொடுக்க வேண்டாம். மூன்று கேள்விகள் மட்டும் கேட்போம்: எங்கே உடைந்தது? ஏன் உடைந்தது என்று நினைக்கிறாய்? அடுத்த முறை எதை மாற்றுவாய்?

கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாதிரியோடு பிள்ளையின் சோதனை நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். காசு கொடுத்து மாதிரியை வாங்கிவிடலாம். மூன்று முறை உடைந்து திருந்திய கணக்கை வாங்க முடியாது.