மின்சிக்கன மென்பொருள்

ஒரு வேலையைக் குறைந்த மின்சாரத்தில் முடிக்கும்படி கணினி நிரல்களை வடிவமைக்கும் துறை. மின்சாரத்தைச் செலவிடுவது வன்பொருள்தான். ஆனால் அது எப்போது உழைக்க வேண்டும், எப்போது உறங்கலாம் என்று முடிவு செய்வது மென்பொருள்.

மடிக்கணினிகள் பரவிய 1990களில், பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோன தொல்லையிலிருந்து இத்துறை வளர்ந்தது. 1994இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் மார்க் வெய்சர் குழுவினர், வேலை குறைந்த நேரங்களில் மையச் செயலகத்தின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இயங்குதளமே குறைத்துக்கொள்ளலாம் என்று காட்டினர். மின்னழுத்தம் பாதியானால் ஒரு கணக்கீட்டுக்கு ஆகும் ஆற்றல் ஏறத்தாழ கால்பங்காகிவிடும் என்பதால் இந்த யோசனைக்குப் பெரும் பலன் இருந்தது.

ஆனால், எந்த நிரல் எவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிறது என்று தெரியாமல் எதைத் திருத்துவது? கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜேசன் ஃபிளின்னும், சென்னை ஐஐடியில் படித்தவரான மகாதேவ் சத்யநாராயணனும் 1999இல் இதற்கு வழி கண்டனர். அவர்கள் உருவாக்கிய பவர்ஸ்கோப் கருவியில், கணினிக்குள் பாயும் மின்னோட்டத்தை ஒரு மல்டிமீட்டர் அளக்கும்; அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எது என்பதும் கூடவே பதிவாகும். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் எந்த நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு செலவழித்தது என்பது தெரிந்துவிடும்.

உண்மையான திருப்பம் 2007இல் வந்தது. அதுவரை லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொடிக்கு 100 முதல் 1000 முறை மையச் செயலகத்தை எழுப்பிக்கொண்டிருந்தது. 2.6.21 பதிப்பு அந்த வெட்டித் துடிப்பை நிறுத்தியது. அடுத்த மாதமே இன்டெல் வெளியிட்ட பவர்டாப் என்ற கருவி, மையச் செயலகத்தை எந்த நிரல் நொடிக்கு எத்தனை முறை எழுப்புகிறது என்று திரையில் பட்டியலிட்டது. ஒலியளவு மாறியதா, கோப்பு மாறியதா என்று சும்மா சும்மா எட்டிப்பார்க்கும் நிரல்கள் பல அதில் அகப்பட்டன. நிரலாளர்கள் அவற்றைத் திருத்தினர். மின்சாரத்தைத் தின்பது கடினமான கணக்குகள் மட்டுமல்ல, இந்தத் தேவையற்ற விழிப்பும்தான் என்பதை இத்துறைக்குப் புரியவைத்த கருவி இது.

இதே பாடம் கைபேசிக்கும் போனது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, திரை அணைந்து அசையாமல் கிடக்கும் கைபேசியில் பின்னணி வேலைகளை ஒத்திவைத்து, அவ்வப்போது மொத்தமாக முடிக்கத் தொடங்கியது.

ஜெர்மனியின் ‘நீலத் தேவதை’ சுற்றுச்சூழல் முத்திரை 2020இல் மென்பொருளுக்கும் திறக்கப்பட்டது. மின்செலவை அளந்து காட்டுவதோடு, ஐந்தாண்டுப் பழைய கணினியிலும் நிரல் ஓட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. புதிய நிரலுக்காக நல்ல கணினியைக் குப்பையில் போடுவதும் ஆற்றல் இழப்பே என்பதால் இது நியாயமான நிபந்தனை. 2022இல் அம்முத்திரையை முதலில் பெற்றது கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவின் ஓக்குலர் என்ற ஆவண வாசிப்பு மென்பொருள்.